வேர்க் பெர்மிட் முடியும் திகதியை இங்கேயும் ஒரு கலண்டரில் எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் கனடா, லண்டன் விசா விளம்பரம் வராத கிழமை இல்லை. எப்படிப் போவது, எவ்வளவு முடியும், எத்தனை நாளில் கைக்கு வரும் என்று எல்லாம் போடுகிறீர்கள். போய்ச் சேர்ந்தவர் அங்கே கிடைத்த தற்காலிக வதிவிடத்தையும் வேலை அனுமதியையும் எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு மூலையிலாவது ஒரு வரி வந்து நான் காணவில்லை. பிளேன் ஏறும்வரைதான் எல்லாருக்கும் அக்கறை, அதற்குப் பிறகு அவரவர் தலையெழுத்து.

புதுக்குடியிருப்பில் போட்டோக்கொப்பி, டைப்பிங், ஒன்லைன் படிவம் நிரப்புவது என்று சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். விசுவமடு, முள்ளியவளை, தருமபுரம் என்று சுற்றுவட்டாரத்துச் சனம் வெளிநாட்டுக் கடதாசிகளோடு வரும். வட்ஸ்அப்பில் பிள்ளை அனுப்பிய படத்தை நீட்டி, “இதை ஒருக்கா பெரிசாக்கி அடிச்சுத் தா பிள்ளை, என்ன எழுதியிருக்கெண்டும் பாத்துச் சொல்லு” என்பார்கள். அப்படி வரும் கடதாசிகளில் பாதி ஏற்கனவே திகதி முடிந்தவை, அல்லது முடிய இரண்டு மூன்று கிழமைதான் இருப்பவை. அதனால் இந்தக் கடிதத்தை அங்கே இருப்பவர்களுக்கு எழுதவில்லை, இங்கே இருக்கிற தாய் தகப்பன், மனைவிமார், அக்கா தங்கைமாருக்குத்தான் எழுதுகிறேன். ஏனென்றால் நான் பார்த்தவரை தாமதம் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் விசா ஒன்று, அந்த நாட்டில் தங்கியிருக்கும் அனுமதி வேறொன்று. கனடாவுக்கு விசிட் விசாவில் போனவர்களின் வீடுகளில் “பத்து வருச விசா, பயமில்லை” என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்தப் பத்து வருடமும் கனடா வாசலுக்குப் போய் நிற்கலாம் என்பதற்கு மட்டும்தான். உள்ளே விட்ட பிறகு, அதிகாரி வேறு திகதி எழுதாவிட்டால், வழமையாக ஆறு மாதம்தான் தங்கலாம். அதற்கு மேலே இருக்க விரும்பினால் அந்த ஆறு மாதம் முடிய முதல் நீடிப்புக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். வேலை அனுமதியோ படிப்பு அனுமதியோ உள்ளவருக்கும் இதே கதைதான்: விசா ஸ்டிக்கரில் இருக்கும் திகதியை விட்டுவிட்டு, தனிக் கடதாசியாகக் கொடுத்த பெர்மிட்டில் உள்ள திகதியைப் பார்க்க வேண்டும்.

சரி, எப்போது புதுப்பிப்பது? கனடாவின் குடிவரவுத் திணைக்களம் சொல்வது, முடிவதற்குக் குறைந்தது 30 நாளுக்கு முன்பாவது விண்ணப்பிக்கச் சொல்லி. இந்தக் ‘குறைந்தது’ என்பதைத்தான் எங்கள் சனம் விழுங்கிவிடுகிறது. முடியும் திகதிக்கு முதல் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால், பதில் வரச் சில மாதம் சென்றாலும் பரவாயில்லை, அதுவரை அவர் சட்டப்படி இருக்கலாம், பழைய பெர்மிட்டில் என்ன நிபந்தனை இருந்ததோ அதே நிபந்தனையில் வேலையும் செய்யலாம். முந்தி இதற்கு ‘இம்ப்ளைட் ஸ்டேட்டஸ்’ என்றார்கள், இப்போது ‘மெயின்டெய்ன்ட் ஸ்டேட்டஸ்’ என்கிறார்கள், விஷயம் ஒன்றுதான். ஒரு நாள் பிந்தினாலும் அந்தப் பாதுகாப்பு இல்லை. பிந்தியவருக்கு 90 நாளுக்குள் இழந்த அந்தஸ்தைத் திரும்பக் கேட்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள், ஆனால் அதற்கு மேலதிகக் கட்டணம், அந்த முடிவு வரும்வரை வேலைக்கும் போக முடியாது. வேலைக்குப் போகாமல் ரொறன்ரோவில் வாடகை கட்டுவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளை அதை உங்களுக்குச் சொல்லமாட்டான். கள்ளமாகக் கைக்காசுக்கு, பாதிச் சம்பளத்துக்கு எங்கேயாவது கோப்பை கழுவுவான், மாதா மாதம் இங்கே காசும் வரும், நீங்களும் எல்லாம் சரி என்று இருப்பீர்கள். பின்னால் போடும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அந்தக் கள்ள வேலை வந்து இடிக்கும்.

ஒரு முதலாளியின் பெயரிலேயே கட்டப்பட்ட பெர்மிட் என்றால் 30 நாள் எந்த மூலைக்கும் காணாது. அதை நீடிக்கப் பெரும்பாலும் முதலாளி புதிதாக எல்எம்ஐஏ, அதாவது வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைக்க அரசாங்கத்தின் ஒப்புதல், எடுக்க வேண்டும், அதற்கே மாதங்கள் போகும். ஆகவே ஆறு மாதத்துக்கு முன்பே முதலாளியிடம் வாய்திறந்து கேட்க வேண்டும். எங்கள் பெடியள் கேட்கக் கூச்சப்படுவார்கள், ‘முதலாளி நல்லவர், அவர் பார்ப்பார்’ என்பார்கள். முதலாளி நல்லவராகவே இருக்கட்டும், அவருக்கு இவனுடைய திகதி ஞாபகம் இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

படிக்கப் போனவர்களுக்கு இன்னொரு வில்லங்கம். படிப்பு அனுமதியில் இன்னும் எட்டு மாதம் கிடக்குது என்று அடித்துச் சொல்வார்கள். கோர்ஸ் முன்கூட்டியே முடிந்தால், முடிந்து 90 நாளில் அந்த அனுமதியும் முடிந்ததாகத்தான் கணக்கு, கடதாசியில் எந்தத் திகதி அடித்திருந்தாலும் சரி. படித்து முடித்தவருக்குக் கிடைக்கும் வேலை அனுமதிக்குக் கேட்க 180 நாள் தருகிறார்கள். இந்த 90ஐயும் 180ஐயும் சேர்த்துக் குழப்பிக்கொண்டு, ‘எனக்கு இன்னும் நேரம் இருக்கு’ என்று இருப்பவர்கள் நிறையப் பேர். 180 நாளுக்குள் கேட்கலாம்தான், ஆனால் 90 நாள் தாண்டினால் அந்தஸ்து போய்விடும். கோர்ஸ் முடிந்ததாகக் கல்லூரிக் கடிதம் வந்த கிழமையே விண்ணப்பம் போட்டால் இந்தக் கணக்கு ஒன்றும் தேவையில்லை.

இனித்தான் எங்கள் பங்கு வருகிறது. கடவுச்சீட்டு எப்போது முடிகிறதோ அந்த நாளுக்கு மேல் பெர்மிட் தரமாட்டார்கள். மூன்று வருடம் தகுதி இருந்தாலும் கடவுச்சீட்டில் பதினொரு மாதம்தான் மிச்சம் என்றால் பதினொரு மாதத்துக்குத்தான் கிடைக்கும். அதாவது பெர்மிட்டைப் புதுப்பிக்கும் வேலை கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதில் தொடங்குகிறது. கனடாவில் இருப்பவர் ஒட்டாவாத் தூதரகத்திலோ ரொறன்ரோத் துணைத்தூதரகத்திலோ கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் புத்தகம் அச்சாவது எங்கள் குடிவரவுத் திணைக்களம் இருக்கும் பத்தரமுல்லையில். விண்ணப்பம் அங்கிருந்து இங்கே வந்து திரும்பிப் போக மாதங்கள் எடுக்கும். 2024இல் பத்தரமுல்லையில் விடிய விடிய வரிசையில் நின்றது உங்கள் வாசகர்களுக்கு மறந்திருக்காது, வெற்றுப் புத்தகம் தட்டுப்பாடு என்று இங்கே இருப்பவர்களுக்கே இழுத்தடித்த காலம் அது. அந்த மாதிரி ஒரு வருடத்தில் அங்கே ஒருவருடைய பெர்மிட் முடிய இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால் அவர் என்ன செய்வார்?

இங்கே வந்து எடுக்கலாம் என்றால், வவுனியாவில் பிராந்தியக் காரியாலயம் இருக்கிறது, 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்திலும் திறந்தார்கள், நல்ல விஷயம். ஆனால் பெர்மிட் முடியப் போகிற ஆள் அதற்காக நாட்டைவிட்டு வெளிக்கிட்டு வருவது புத்தியில்லை.

கடவுச்சீட்டுக்குப் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் வேண்டும். வன்னியில் எத்தனை வீட்டில் பிறப்புச் சான்றிதழ் ஒழுங்காக இருக்கிறது? 2009இல் மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் பெட்டியும் போய், பெட்டியைத் தூக்கியவரும் போன வீடுகள் எங்களுடையவை. முகாமிலிருந்து மீளக்குடியேறி வந்த கையோடு நடமாடும் சேவையில் எடுத்த கொப்பிகளில் தகப்பன் பெயரில் ஒரு எழுத்து, ஊர்ப் பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கும், அதை அப்போது யார் பார்த்தது? அண்மையில் ஒரு அம்மா கொண்டுவந்த கடதாசிகளை மேசையில் பரப்பிப் பார்த்தேன். பிறப்புச் சான்றிதழில் ஒரு பிறந்த திகதி, அடையாள அட்டையில் இன்னொன்று. மகனுடைய பெர்மிட் முடிய ஒன்றரை மாதம். பிரதேச செயலகம், பதிவாளர், கிராம சேவகரின் கடிதம், சத்தியக்கடதாசி என்று அந்த அம்மா வெயிலில் அலைந்ததைப் பார்த்தால் யாருக்கும் மனம் பொறுக்காது. அதே அலைச்சலை ஒரு வருடத்துக்கு முன்பு அலைந்திருந்தால் ஆறுதலாக அலைந்திருக்கலாம். காலபோகத்துக்கு மழை விழுந்த பிறகா விதைநெல் தேடிப் போகிறோம்?

கலியாணப் பதிவும் அப்படித்தான். கணவன் அங்கே, மனைவி சேர்ந்து போக வேண்டும் அல்லது அவருடைய பெர்மிட்டோடு இவருடையதையும் நீடிக்க வேண்டும் என்றால் பதிவுச் சான்றிதழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் செய்ய வேண்டும், எங்களைப் போன்ற டைப்பிங் கடையில் செய்து ஏமாறாதீர்கள், நானே சொல்கிறேன்.

பிள்ளைகளோடு போன குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் மூன்று வருடக் கடவுச்சீட்டுத்தான் எடுப்பார்கள், காசு குறைவு என்பதால். தாய் தகப்பனுக்குப் பத்து வருடம். அங்கே எல்லாருக்கும் ஒரேநாளில் பெர்மிட் கொடுத்தாலும் சின்னவனுடைய கடவுச்சீட்டு முந்தி முடிவதால் அவனுடைய அனுமதியும் முந்தி முடிந்துவிடும். நான்கு கடதாசியும் ஒரே மாதிரித்தான் இருக்கும், திகதி மட்டும் வேறு. தகப்பனுடையதை மட்டும் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்தால் பள்ளிக்கூடத்தில் கேட்கும்போதுதான் தெரியவரும்.

இப்போது அகதிக் கோரிக்கை வைத்தவர்களைப் பற்றி. இதைக் கவனமாக வாசியுங்கள், மேலே சொன்ன கடவுச்சீட்டுக் கதை இவர்களுக்கு இல்லை. கனடாவில் கோரிக்கை வைத்தவரின் கடவுச்சீட்டை அந்த அரசாங்கமே எடுத்து வைத்துக்கொள்ளும். அவருடைய வேலை அனுமதிக்குப் புதுக் கடவுச்சீட்டுத் தேவையில்லை. அப்படியிருக்க, ‘பாஸ்போட் முடியுது, எம்பசிக்குப் போய் மாத்து’ என்று இங்கேயிருந்து நச்சரிக்காதீர்கள். தன் நாட்டு அரசுக்குப் பயந்து வந்தேன் என்று சொன்னவர் அதே அரசின் தூதரகத்தில் போய்க் கடவுச்சீட்டுக் கேட்டால், பயமே இல்லை என்றுதான் எடுப்பார்கள். கோரிக்கை ஏற்கப்பட்டுப் பாதுகாப்புக் கிடைத்தவருக்கும் அந்தப் பாதுகாப்பையே பறிக்க அது காரணமாகலாம். லோயரைக் கேட்காமல் அந்தப் பக்கம் போகவே கூடாது. ஆனால் வேலை அனுமதியை இவர்களும் முடிய முதலே புதுப்பிக்கத்தான் வேண்டும். ‘கேஸ் நடக்குதுதானே, கேஸ் முடியும்வரை பெர்மிட்டும் ஓடும்’ என்று நினைத்தவர்களை நான் அறிவேன். கேஸ் வேறு, பெர்மிட் வேறு. அதோடு வேலை செய்யக் கனடா அரசாங்கம் தரும், 9இல் தொடங்கும் சின் இலக்கத்துக்கும் முடியும் திகதி உண்டு, புதுப் பெர்மிட் வந்ததும் அதையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சம்பளத்தில் இழுபறி.

லண்டனைப் பற்றிச் சுருக்கமாக: அங்கேயும் விசா முடிய முதல் விண்ணப்பம் போட்டால் பதில் வரும்வரை பழைய உரிமை தொடரும். ஆனால் அந்த நேரத்தில் செத்தவீடு, கலியாணவீடு என்று இங்கே ஓடி வந்தால் விண்ணப்பத்தை நீங்களே திருப்பி எடுத்துக்கொண்டதாகக் கணக்கு வைத்துவிடுவார்கள். தாய்க்குச் சுகமில்லை என்று போன் எடுப்பவர்கள் இதையும் ஒருக்கா யோசித்துவிட்டு எடுங்கள், கல்மனம் என்று என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. கெயர் வேலைக்குப் போனவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: கூப்பிட்ட நிறுவனத்துக்கு வெளிநாட்டு ஆட்களை எடுக்க இருந்த லைசென்ஸ் பறிபோனால் விசாவில் எத்தனை வருடம் மிச்சம் இருந்தாலும் அதை வழமையாக 60 நாளாக வெட்டிவிடுவார்கள், அதற்குள் வேறு இடம் தேட வேண்டும்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் குறைவு என்றாலும் இருக்கிறார்கள். அகதிக் கேஸ் நடக்கும்போது கிடைக்கும் வேலை அட்டையை முடிவதற்கு 180 நாள் முன்பிருந்தே புதுப்பிக்கக் கேட்கலாம். நேரத்துக்குக் கேட்டவருக்குப் பழைய அட்டை 540 நாள் வரை தானாக நீளும் என்று முந்தி ஒரு சலுகை இருந்தது, அதை 2025 ஒக்டோபர் 30இலிருந்து போடும் விண்ணப்பங்களுக்கு நிறுத்திவிட்டார்கள். பழைய சலுகையை நம்பி ‘போட்டாச்சு, இனிப் பயமில்லை’ என்று இருந்தால் அட்டை முடிந்த அடுத்த நாளே வேலை நிற்கும். அதனால் அந்த 180ஆம் நாளிலேயே போட்டுவிட வேண்டும். இன்னொரு சின்ன விஷயம், ஆனால் ஆளை விழுத்தும்: அமெரிக்க அட்டையில் மாதம் முதலில், நாள் பிறகு. 05/06 என்று இருந்தால் நாங்கள் ஜூன் ஐந்து என்று வாசிப்போம், அது மே ஆறு. கனடாக் கடதாசியில் வருடம், மாதம், நாள் என்று வரும். போனில் வாசித்துச் சொல்லும்போது இலக்கத்தைச் சொல்லாமல் மாதத்தின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.

வளைகுடாக் கதை வேறு மாதிரி. கட்டாரிலும் சவூதியிலும் வதிவிட அட்டையைப் புதுப்பிக்க வேண்டியது முதலாளி. கட்டாரில் முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. சவூதியில் இக்காமா என்கிற அந்த வதிவிட அட்டை முடிந்தால் முதல் தடவை 500 ரியால், இரண்டாம் தடவை 1000 என்று தண்டம், மூன்றாம் தடவை நாடு கடத்தல். கம்பனி செய்யாத வேலைக்குத் தொழிலாளிதான் பொலிசைக் கண்டு ஒளிகிறான், இதைவிட அநியாயம் இல்லை. அதைவிட, கோபத்தில் முதலாளி ‘ஓடிப்போய்விட்டான்’ என்று ஹுரூப் எழுதிவிட்டால் புதுப்பிக்கும் பேச்சே கிடையாது. ஆகவே சவூதி அரசாங்கத்தின் அப்ஷர் செயலியில் தன்னுடைய இக்காமாத் திகதியைத் தானே பார்க்கப் பழக வேண்டும், முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே கம்பனியிடம் எழுத்தில் கேட்டு அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். பிரச்சினை என்றால் இங்கேயுள்ள வீட்டார் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற போன் இலக்கத்துக்கு அடிக்கலாம். பதிவு செய்து போனவர் என்றால் அங்கே கோவை இருக்கும், கள்ளமாக விசிட்டில் போய் வேலைக்கு மாறியவர் என்றால் என்ன சொல்லி அடிப்பது?

ஆகவே வீட்டாருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பிள்ளையின் பெர்மிட், கடவுச்சீட்டு இரண்டினதும் முன்பக்கப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். எந்தத் திகதி முந்தி வருகிறதோ அதை எடுத்து, அதிலிருந்து ஆறு மாதம் பின்னுக்கு எண்ணி, சுவரில் தொங்கும் கலண்டரில் எழுதுங்கள். கடவுச்சீட்டு என்றால் ஒரு வருடம் பின்னுக்கு எண்ணினாலும் பிழையில்லை. அந்த நாள் வந்ததும் போன் எடுத்து, காசு கேட்கிற மாதிரியே இதையும் விடாமல் கேளுங்கள். படத்தை மட்டும் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், முப்பது பேர் இருக்கும் குழுவில் யாரிடம் போய் எதற்குப் பாவிக்கப்படும் என்று தெரியாது.

பிரதேச செயலகங்களில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கென்று உத்தியோகத்தர் இருக்கிறார். போகப் போகிறவருக்குக் கூட்டம் வைக்கிறார்கள். போனவரின் குடும்பத்துக்கும் வருடத்தில் ஒருமுறை, நடமாடும் சேவையோடு சேர்த்தாவது, இந்தத் திகதிகளையும் சான்றிதழ்களையும் சரிபார்க்க ஒரு நாள் வைத்தால் என்ன குறைந்துவிடும்? பதிவாளரும் கிராம சேவகரும் அன்று ஒரே மண்டபத்தில் இருந்தால் அந்த அம்மாவின் அலைச்சல் ஒரு காலையோடு முடிந்திருக்கும்.

கடைசியாக உங்களிடம், ஆசிரியரே. ‘பெர்மிட் நீடித்துத் தரப்படும், நூறு வீதம் உத்தரவாதம்’ என்று உங்கள் விளம்பரப் பக்கத்தில் வருகிறதே, உத்தரவாதம் கொடுக்க அவர்கள் யார்? கனடாக் குடிவரவு விண்ணப்பத்துக்குக் காசு வாங்கி ஆலோசனை சொல்லவோ உங்களுக்காக ஆஜராகவோ அங்கே உரிமம் பெற்ற சட்டத்தரணிகள் போன்றோருக்கும், குடிவரவு ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுக்கும் ‘கொலிஜ்’ என்ற அமைப்பில் பதிந்த ஆலோசகருக்கும்தான் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்தப் பெயர்ப்பட்டியல் இணையத்தில் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. இங்கே ஒரு முகவர் எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவனின் படிவத்தில், முன்பு விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று அடித்து அனுப்பியிருந்தார், மறுக்கப்பட்டிருந்தது. பொய்த்தகவல் என்று பிடித்தால் ஐந்து வருடத்துக்குக் கனடா வாசல் பூட்டு, அந்தப் பூட்டு பெடியனுக்குத்தான், முகவர் அடுத்த கிழமையும் விளம்பரம் போடுவார். ஆகவே இனிமேல் இந்த விளம்பரங்களை எடுக்கும்போது உரிம இலக்கத்தைக் கேட்டு வாங்கி, விளம்பரத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். தரமாட்டேன் என்பவரின் காசு உங்களுக்கும் வேண்டாம்.

இப்படிக்கு,
போட்டோக்கொப்பிக் கடைக்காரி,
புதுக்குடியிருப்பு.